பைசன் கால்நடையா? மொன்டானா புல்வெளியில் ஒரு சொல்லுக்காக நடக்கும் வழக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பிலிப்ஸ் கவுன்டியில், கூட்டரசுக்குச் சொந்தமான சுமார் 63,500 ஏக்கர் புல்வெளியில் மாட்டுக்குப் பதிலாகப் பைசனையும் மேய்க்கலாம் என்று 2022 ஜூலையில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு அனுமதி கிடைத்தது. அந்த நிலத்தில் ஓர் ஆண்டுக்கு அனுமதித்த மேய்ச்சல் ஏறத்தாழ 8,000 'மாட்டு மாதம்'. ஒரு மாடும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய்ந்தால் அது ஒரு மாட்டு மாதம். அதற்கு அன்றைய கட்டணம் 1.35 டாலர். பெருக்கிப் பாருங்கள்: அரசின் கைக்கு வருவது ஆண்டுக்கு 11 ஆயிரம் டாலருக்கும் குறைவு. அந்தப் பணத்தில் ஓடித் தேய்ந்த ஒரு பிக்கப் வண்டி வாங்கலாம். இதற்காகத்தான் மாட்டுப் பண்ணையாளர் சங்கம், மாநில ஆளுநர், அரசு வழக்கறிஞர், கடைசியில் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் உள்துறை அமைச்சர் (அங்கே உள்துறை என்பது கூட்டரசு நிலங்களைப் பார்க்கும் துறை) வரை களத்தில் இறங்கினார்கள்.

பதினோராயிரம் டாலருக்காக யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள். அப்படியானால் சண்டை எதற்காக? பைசன் நல்லதா, மாடு நல்லதா என்பதுதான் கேள்வி என்று இரு தரப்பும் சொல்கின்றன. ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு வேறு மாதிரி தோன்றியது. எல்லோரும் 'கால்நடை' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அன்றன்றைய வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வந்து நிற்கும் காட்டெருமையையும் நாம் பைசன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது கௌர், வேறு விலங்கு. இங்கே பேசுவது அமெரிக்கப் பைசனைப் பற்றி. முன்பாதி முழுக்கத் திமிலும் கம்பளி மயிருமாக இருக்கும். பின்பாதியோ வேறு ஏதோ விலங்கிடம் இரவல் வாங்கியதுபோல ஒடுங்கிக் கிடக்கும். வளர்ந்த காளை 900 கிலோவைத் தொடும். குளிர்காலத்தில் தலையை இடமும் வலமுமாக வீசிப் பனியை ஒதுக்கி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். அந்தத் திமில் முழுக்க இருப்பது இந்த வேலைக்கான தசைதான்.

நிலம் யாருடையது

பிலிப்ஸ் கவுன்டி வடக்கே கனடா எல்லையில் தொடங்கித் தெற்கே மிசௌரி ஆறு வரை நீள்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு. மக்கள்தொகை சுமார் 4,200. மழை ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவில். தலைநகரமாகிய மால்டா, ரயில் நின்று போகும் ஒரு சிற்றூர். தெற்கே ஆற்றை ஒட்டி 11 லட்சம் ஏக்கரில் சார்லஸ் எம். ரஸல் தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது.

அமெரிக்க மேற்கில் பொது மேய்ச்சல் நிலம் என்றதும் நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கை நினைத்துக்கொள்ளக் கூடாது. மேய்க்கால் புறம்போக்கில் ஊரில் யார் மாடு வேண்டுமானாலும் மேயும். கணக்கு வழக்கு கிடையாது. அங்கே 1934-ல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்கு முன்னால் நிலைமை ஏறத்தாழ அதுதான். யார் முதலில் மந்தையை ஓட்டி வருகிறார்களோ அவர்களுக்குப் புல். அதன் விளைவாக நிலம் மொட்டையானது. சட்டம் வந்த பிறகு புல்வெளி பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவும் குறிப்பிட்ட ஒரு பண்ணையோடு இணைக்கப்பட்டது. இன்று உள்துறையின்கீழ் வரும் நில மேலாண்மைப் பணியகம் சுமார் 15.5 கோடி ஏக்கரை இப்படி மேய்ச்சலுக்கு விடுகிறது.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள இதில் ஒரு நுணுக்கம் தெரிய வேண்டும். மேய்ச்சல் உரிமை ஆளோடு போவதில்லை, 'அடிப்படைச் சொத்து' எனப்படும் தனியார் நிலத்தோடு போகிறது. பண்ணை வீட்டையும் அதைச் சுற்றியுள்ள இரண்டாயிரம் ஏக்கரையும் நீங்கள் வாங்கினால், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பத்தாயிரம் ஏக்கர் அரசுப் புல்லில் மேய்ப்பதற்கான முன்னுரிமையும் உங்கள் கைக்கு வரும். பண்ணை விற்பனை விளம்பரங்களிலேயே இந்தக் குத்தகை அளவும் சேர்ந்து வரும். விலையிலும் அது ஏறும். சட்டப்படி அது உரிமை அல்ல, அரசு தரும் சலுகை. நடைமுறையில் மூன்று தலைமுறையாகக் கைமாறி வரும் சொத்து. கட்டணத்துக்கு 1.35 டாலர் என்ற கீழ்வரம்பை 1986-ல் ரீகன் நிர்வாகம் வைத்தது. தனியார் நிலத்தில் அதே மேய்ச்சலுக்கு இருபது டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். இந்த இடைவெளியைப் பண்ணையாளர்கள் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

வாங்க வந்தவர்கள்

2001-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை மேலே சொன்ன நுணுக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்டது. இன்று அதன் பெயர் அமெரிக்கன் பிரெய்ரி (பிரெய்ரி என்றால் புல்வெளி). ரஸல் புகலிடத்தையும் அதன் மேற்கே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட நிலத்தையும் நடுவில் வைத்து, சுற்றியுள்ள பண்ணைகளை விற்க முன்வருபவர்களிடம் ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்குவது. அவற்றோடு வரும் அரசுக் குத்தகைகளையும் சேர்த்து, மொத்தம் 32 லட்சம் ஏக்கர் தொடர்ச்சியான புல்வெளியை உருவாக்குவது: இதுதான் திட்டம். 32 லட்சம் ஏக்கரில் பெரும்பகுதி ஏற்கெனவே அரசு நிலம். இடையில் இருக்கும் தனியார் துண்டுகள்தான் அதற்குச் சாவி. 2020-களின் முற்பகுதியில் சொந்தமும் குத்தகையுமாக 4.5 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தார்கள்.

2005-ல் தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலிருந்து 16 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு கனடாவின் எல்க் தீவுத் தேசியப் பூங்காவிலிருந்து மேலும் சில தொகுதிகள் வந்தன. மந்தை நூறுகளில் பெருகியது. 2017-ல் 18 மேய்ச்சல் பிரிவுகளில் மாட்டை எடுத்துவிட்டுப் பைசனை விடவும், உள்வேலிகளைப் பிடுங்கவும், ஆண்டு முழுவதும் மேய்க்கவும் அனுமதி கேட்டார்கள். கவுன்டி கொதித்தது. 2019-ல் கோரிக்கையை ஏழு பிரிவுகளாகச் சுருக்கிக்கொண்டார்கள். பணியகம் சுற்றுச்சூழல் மதிப்பீடு நடத்தி, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று சொல்லி, 2022-ல் ஆறு பிரிவுகளுக்கு அனுமதித்தது.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்கன் பிரெய்ரியின் நிலங்களில் இன்றும் பைசனைவிட மாடுகள்தான் அதிகம். அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்களுக்கே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். 'கௌபாயைக் காப்பாற்றுங்கள், அமெரிக்கன் பிரெய்ரி ரிசர்வை நிறுத்துங்கள்' என்ற பதாகை சாலையோரம் தொங்கும் அதே வட்டாரத்தில்தான் இதுவும் நடக்கிறது.

புல் என்ன சொல்கிறது

பைசன் ஆதரவாளர்கள் அதிகம் காட்டும் ஆய்வு கான்சஸ் மாநிலத்தின் கான்ஸா பிரெய்ரியில் நடந்தது, 2022-ல் வெளியானது. 29 ஆண்டுத் தரவு. மேய்ச்சலே இல்லாத நிலத்தோடு ஒப்பிட்டால், பைசன் மேய்ந்த இடத்தில் உள்ளூர்த் தாவர வகைகளின் எண்ணிக்கை சிறு பரப்பளவில் 103 சதவீதம் கூடியது. பெரிய பரப்பளவில் 86 சதவீதம். மாடு மேய்ந்த இடத்திலும் கூடியது, ஆனால் அதில் பாதி கூட இல்லை. இடையில் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி வந்துபோனது. பைசன் நிலம் அதையும் தாங்கிக்கொண்டது.

காரணம் சிக்கலானது அல்ல. பைசன் ஓங்கி வளரும் புல்லைத்தான் பெரிதும் தின்கிறது. அகன்ற இலைச் செடிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. உயரப் புல் குறைந்தால் அடியில் ஒளி விழுகிறது, பூச்செடிகள் தலைதூக்குகின்றன. இன்னொன்று, அதன் புரளல். பைசன் முன்காலை மடக்கி, ஒருபக்கம் சாய்ந்து, நாலு காலையும் உதறி மண்ணில் புரளும். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் புரண்டு புரண்டு, சில மீட்டர் அகலத்துக்கு ஆழமில்லாத தட்டுப்போல ஒரு குழி விழுந்துவிடும். மண் இறுகிப்போவதால் மழைநீர் சில நாள் தேங்கி நிற்கும். அந்தக் குழியைச் சுற்றி வளரும் செடிகளும் பக்கத்துப் புல்வெளிச் செடிகளும் ஒன்றல்ல. மாடு இப்படிப் புரள்வதில்லை.

மாட்டின் பழக்கம் வேறு. வெயிலில் ஓடைக்கரைக்கும் மரநிழலுக்கும் போய்க் கூட்டமாக நின்றுவிடும். கரை மிதிபட்டுச் சரியும், நீர் கலங்கும், இளம் வில்லோ மரக்கன்றுகள் தின்னப்பட்டுப் போகும். பைசன் தண்ணீர் குடித்ததும் மேட்டுக்குத் திரும்பிவிடும். வறண்ட மேற்கில் ஓடைக்கரை என்பது மொத்த நிலத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் பறவையும் மீனும் மானும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்த ஒரு வேறுபாடு சிறியதல்ல.

இதோடு நிறுத்திக்கொண்டால் வழக்கு பைசன் பக்கம் தீர்ந்ததுபோல இருக்கும். தீரவில்லை. கான்ஸா ஈரப்பதமான உயரப்புல் பிரதேசம்; அங்கே பெய்யும் மழை பிலிப்ஸ் கவுன்டிக்குப் பெய்வதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மால்டாவின் தெற்கே முழங்கால் உயரப் புல்லும் சேஜ் புதரும்தான். ஒளியை மறைக்க அங்கே உயரப் புல்லே கிடையாது. தவிர, கான்ஸாவில் பைசன் ஆண்டு முழுவதும் மேய்ந்தது. மாடு வளர்பருவத்தில் மட்டும் மேய்ந்தது. ஒப்பிட்டது விலங்கையா, மேய்க்கும் முறையையா? இந்தக் கேள்வியைப் பண்ணையாளர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எத்தனை தலை, எந்த மாதம், எவ்வளவு நாள், தண்ணீர் எங்கே, வேலி எங்கே: இவற்றை மாற்றினால் மாடும் மிதமாக மேயும்; கவனிக்காமல் விட்டால் பைசனும் நிலத்தை மொட்டையடிக்கும். மலை உப்புக்கொத்தி என்ற பறவையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புல் ஒட்டக் கடிபட்ட வெற்றுத் தரையில்தான் அது முட்டையிடும். தெற்கு பிலிப்ஸ் அதன் முக்கியமான இருப்பிடங்களில் ஒன்று. அந்தப் பறவைக்கு, பிரெய்ரி நாய் எனப்படும் கொறித்துண்ணிகளும் நெருக்கி மேயும் மாடுகளும் நண்பர்கள்.

எதிர்ப்பக்கத்துக் கண்ணையும் கொஞ்சம் துடைக்க வேண்டியிருக்கிறது. யூட்டா மாநிலத்தின் ஹென்றி மலைகளில், 1941-ல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து யூட்டாவுக்குக் கொண்டுவந்த 18 பைசன்களின் வழிவந்த மந்தை ஒன்று, இதே பணியகத்தின் நிலத்தில், வேலியில்லாமல், மாடுகளோடு சேர்ந்தே மேய்கிறது. எங்கள் புல்லைப் பைசன் தின்றுவிடுகிறது என்பது அங்குள்ள பண்ணையாளர்களின் நெடுநாள் முறையீடு. ஆய்வாளர்கள் கூண்டு வைத்து, எந்த விலங்கு எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். மேயப்பட்ட புல்லில் மாடு தின்றது பாதிக்குச் சற்று மேல். பைசன் தின்றது சுமார் 14 சதவீதம். மீதி மூன்றில் ஒரு பங்குக்குமேல் தின்றது யார் தெரியுமா? முயல்கள். மாட்டுக்காரரின் உண்மையான போட்டியாளர், தொடை உயரம்கூட இல்லாத அந்தப் பிராணிதான். முயலைப் பிடித்துத் தின்னும் கொயோட்டி என்ற சிறிய ஓநாய் வகையைக் கொல்ல அரசே பணம் செலவிடும் நாடு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் பிரமாண்டமாகக் கண்ணில் படுவதன்மேல் பழியைப் போடுவது மொன்டானாக்காரர்களுக்கு மட்டும் உள்ள குணம் அல்ல.

நோய் பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் எல்லோஸ்டோன் பைசன்களிடம் இருக்கிறது. பண்ணையாளர்களின் பயம் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் மாடுகளுக்குத் தொற்றிய நிகழ்வுகள் எல்க் மான்களிடமிருந்து வந்தவை என்று 2017-ல் தேசிய அறிவியல் கழக அறிக்கையே சொல்லிவிட்டது. அமெரிக்கன் பிரெய்ரி மந்தையோ எல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்ததே அல்ல. இந்த வாதத்துக்குக் கால் இல்லை.

வேலி

வேலிக்குக் கால் இருக்கிறது. ஐந்து இழை முள்கம்பி மாட்டை நிறுத்தும். பைசன் தாண்டவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் அந்த வேலி அதற்கு வெறும் யோசனைதான். பக்கத்துப் பண்ணைக்காரரின் கவலை இது: உங்கள் காளை ஒன்று என் வேலியை முறித்துக்கொண்டு என் பசுக்களின் நடுவே வந்து நின்றால், அதை எப்படி ஓட்டுவது? 900 கிலோவை யார் போய் 'ஹை ஹை' என்று விரட்டுவது?

அமெரிக்கன் பிரெய்ரியின் பதில் மின்வேலி. முள்கம்பி இழைகளைக் குறைத்து, ஓர் இழையில் மின்சாரம் கொடுத்து, அடிக்கம்பியை முள்ளில்லாததாக மாற்றி உயர்த்திக் கட்டுகிறார்கள். அடிக்கம்பிக்கு என்ன இவ்வளவு முக்கியத்துவம்? ப்ராங்ஹார்ன் என்ற மானுக்காக. அமெரிக்க நிலவாழ் விலங்குகளில் மிக வேகமாக ஓடுவது அதுதான்; ஆனால் அதற்கு வேலி தாண்டிக் குதிக்கும் பழக்கம் கிடையாது. அது பரிணமித்த வெளியில் குதிக்க ஒன்றுமே இருந்ததில்லை. வேலி வந்தால் ஓட்டத்தைக் குறைத்து, முன்முட்டி போட்டு, வயிறு தரையைத் தொட, கம்பிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் எழும். பழைய முள்கம்பி வேலிகள் நிறைந்த இடத்தில் வாழும் ப்ராங்ஹார்ன்களின் முதுகில் மயிர் கொட்டிப்போய், சிராய்ந்த தோல் பட்டையாகத் தெரியும். பனிக்காலத்தில் அந்தத் தோல் உறையும். பைசனுக்காகப் பேசும் வழக்கில் உடனடி ஆதாயம் கண்டது இந்த மான்தான் என்று தோன்றுகிறது.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

இப்போது 'கால்நடை'க்கு வருவோம்.

மொன்டானா சட்டத்தில் பைசனுக்கு இரண்டு பிறவி. காட்டில் திரிந்தால் வனவிலங்கு. அதற்கு வேறு துறை. தனியாருக்குச் சொந்தமானால் கால்நடை. மாட்டைப்போலவே கால்நடைத் துறையில் கணக்குக் காட்டி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். அமெரிக்கன் பிரெய்ரி அந்தக் கட்டணத்தைச் செலுத்துகிறது. ஆகவே அரசுப் பதிவேட்டில் அதன் பைசன் கால்நடை. அதன் வெளியீடுகளிலோ அதே பைசன் வனவிலங்கு, பிரெய்ரியின் உயிர்நாடி, மீட்டெடுக்கப்படும் காடு. நன்கொடை கேட்கும்போது ஒரு பெயர், மேய்ச்சல் அனுமதி கேட்கும்போது இன்னொரு பெயர். எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஏன் இந்த இரட்டை வேடம் தேவைப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். 1995-ல் கிளிண்டன் நிர்வாகம் மேய்ச்சல் விதிகளைத் திருத்தி, 'பாதுகாப்புப் பயன்பாடு' என்று ஒரு வகை அனுமதியைக் கொண்டுவந்தது. மாட்டை விடாமலே அனுமதியை வைத்திருக்கலாம், நிலம் தேறட்டும் என்பது அதன் நோக்கம். பண்ணையாளர்கள் வழக்குப் போட்டார்கள். மேய்ச்சல் அனுமதி என்றால் கால்நடையை மேய்ப்பதற்குத்தான், மேய்க்காமல் இருப்பதற்கு அல்ல என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை மட்டும் தள்ளுபடி செய்தது. அதாவது, நிலத்தைப் பாதுகாக்க விரும்பும் ஒருவர் கூட்டரசுப் புல்லைப் பிடித்து வைத்திருக்க ஒரே வழி எதையாவது மேய்ப்பது. அந்த 'எதையாவது' என்ற இடத்தில்தான் பைசன் வந்து நிற்கிறது.

சட்டத்தின் எழுத்தும் ஒத்துழைக்கவில்லை. பணியகத்தின் விதியில் கால்நடை என்றால் வீட்டு வளர்ப்பான மாடு, ஆடு, செம்மறி, குதிரை, கழுதை. பைசன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே விதிகளில் இன்னோர் இடத்தில், தனியாருக்குச் சொந்தமான உள்நாட்டு இனவிலங்குகளுக்குப் பத்தாண்டுக்கு மேற்படாத சிறப்பு மேய்ச்சல் அனுமதி தரலாம் என்று இருக்கிறது. பல ஆண்டுகளாக மேற்கில் பைசன் வளர்ப்பவர்களுக்கு அரசு நிலத்தில் இடம் கிடைத்து வந்தது. இறைச்சிக்காகப் பைசன் வளர்க்கும் பண்ணைகளிடம் யாரும் போய் உன் விலங்கு எந்த வகை என்று கேட்கவில்லை. அமெரிக்கன் பிரெய்ரியிடம் மட்டும்தான் கேட்டார்கள்.

2016-ல் நாடாளுமன்றம் பைசனை நாட்டின் தேசியப் பாலூட்டியாக அறிவித்தது. கௌரவம் கிடைத்தது, மேயப் புல் கிடைக்கவில்லை.

ஊர் காலியாவதை யார் தொடங்கினார்கள்

பண்ணையாளர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது நோயோ புல்லோ அல்ல. பக்கத்துப் பண்ணை விற்றுப்போனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு குழந்தைகள் குறையும். தீயணைக்கத் தன்னார்வலராக ஓடிவரும் ஆள் ஒருவர் குறைவார். கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் கை கொடுக்க வரும் வண்டிகள் குறையும். வெளியூர்ப் பணத்தோடு போட்டி போட்டு இளம் தம்பதி ஒருவர் நிலம் வாங்க முடியாது. இதெல்லாம் உண்மை. அறக்கட்டளை சொத்துவரி செலுத்துகிறது என்ற பதில் சரியானதுதான். ஆனால் வரி ரசீது தீயணைக்க ஓடிவராது.

ஆனால் ஊர் காலியாவது பைசன் வந்தபோது தொடங்கியதல்ல. 1909-ல் குடியேற்றச் சட்டத்தை விரிவாக்கி, வருபவருக்கு 320 ஏக்கர் என்று அரசு கொடுத்தது. ரயில் கம்பெனிகள் விளம்பரம் செய்தன. ஆயிரக்கணக்கானோர் வந்து புல்வெளியை உழுதார்கள். 1917 முதல் வறட்சி. அதன்பின் விலை வீழ்ச்சி, வெட்டுக்கிளி. இன்றைய மக்கள்தொகை 1920-ல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. 1930-களில் அரசு இங்கேதான் ஒரு சோதனை செய்தது. மால்டா திட்டம் என்று பெயர். பொய்த்துப்போன வானம்பார்த்த நிலங்களை அரசே விலைக்கு வாங்கி, வேலிகளையும் குடிசைகளையும் அகற்றி, புல் வளரவிட்டு, குடும்பங்களை மில்க் ஆற்றுப் பாசனப் பகுதிக்குக் குடிமாற்றியது. அப்படி வாங்கிய நிலத்தை மேய்ச்சலுக்குத் திருப்பிவிட்டார்கள். பின்னாளில் இது நாடு தழுவிய திட்டமாயிற்று.

அதாவது, இன்று 'எங்கள் பாரம்பரிய மேய்ச்சல்' என்று சொல்லப்படும் புல்லில் ஒரு பகுதி, வெளியிலிருந்து வந்த பணம் பக்கத்து வீட்டுக்காரரை வெளியேற்றியதால் உண்டானது. பத்தாம் பசலிக் கதையல்ல. தாத்தாக்கள் கண்ணால் பார்த்தது. தங்கிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய பண்ணையாளர்கள். அதனால்தான் இன்னொரு 'திட்டம்' என்றதும் அவர்களுக்கு உடம்பு எரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் போனால், 1888-ல் ஒரு சட்டம் பழங்குடிகளின் பெரும் நிலப்பரப்பைச் சுருக்கி, மீதியைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. அந்த வாக்கில் பைசன் ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. 1886-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பாடம் செய்து வைக்கக் கடைசிப் பைசன்களைத் தேடி வில்லியம் ஹார்னடே வந்தது மிசௌரிக்குத் தெற்கே உள்ள பகுதிக்குத்தான். 1889-ல் அவர் எடுத்த கணக்கில் வட அமெரிக்கா முழுவதும் எஞ்சியது ஆயிரத்துச் சொச்சம். கவுன்டியின் மேற்கே ஃபோர்ட் பெல்னாப் ஒதுக்கீட்டு நிலத்தில் ஆனி, நகோடா பழங்குடி மக்கள் இன்று தங்கள் சொந்தப் பைசன் மந்தையை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு இது சுற்றுச்சூழல் திட்டமும் அல்ல, வணிகமும் அல்ல. வீட்டுக்குத் திரும்பிய உறவு. மாடா பைசனா என்ற விவாதத்தில் இவர்கள் குரல் எப்போதும் மூன்றாவதாகவே வருகிறது.

திரும்பிய காற்று

2022 அனுமதியை எதிர்த்து மாநில அரசும், பண்ணையாளர் சங்கமும், பிலிப்ஸ் மேய்ச்சல் கூட்டுறவுகளும் உள்துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. 2025 டிசம்பரில் உள்துறை அமைச்சர் டக் பர்கம் வழக்கைத் தன் கையில் எடுத்து, மறுபடி பரிசீலிக்கும்படி பணியகத்துக்குத் திருப்பியனுப்பினார். 2026 ஜனவரியில் பணியகம், தான் கொடுத்த அனுமதியைத் தானே ரத்து செய்யப் போவதாக முன்மொழிந்தது. காரணம்: டெய்லர் சட்டம் உற்பத்திக்காக வளர்க்கும் வீட்டுக் கால்நடைக்கு மட்டுமே, இந்தப் பைசன் உற்பத்திக்காக வளர்க்கப்படவில்லை.

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். பணியகம் இப்போது பார்ப்பது விலங்கை அல்ல, உரிமையாளரின் மனத்தை. ஒரே பைசன், ஒரே புல். இறைச்சிக்கு என்று சொன்னால் மேயலாம், இயற்கைக்கு என்று சொன்னால் கூடாது. அமெரிக்கன் பிரெய்ரி குலுக்கல் முறையில் பொதுமக்களுக்குப் பைசன் வேட்டை அனுமதி தருகிறது. சுட்ட இறைச்சி வீட்டுக்குப் போகிறது. அது உற்பத்தியா இல்லையா? எத்தனை கிலோவுக்கு மேல் போனால் உற்பத்தி? பொழுதுபோக்காகப் பத்து மாடு வைத்திருந்து வரிச்சலுகை வாங்கும் கோடீஸ்வரரின் மனத்தையும் இதே தராசில் வைப்பார்களா? பழங்குடி அமைப்புகள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது இதனால்தான். பண்பாட்டுக்காக வளர்க்கும் அவர்களுடைய மந்தைகளின் கழுத்திலும் இதே சுருக்கு விழும்.

பைசன் தரப்பின் இரட்டைப் பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் உரிமையாளரின் உள்நோக்கத்தை அளந்து புல்லைப் பங்கிடும் சட்டம் அதைவிடக் கோணலாகத் தெரிகிறது. நியாயமாகக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நிலத்தின் நிலை விதிப்படி இருக்கிறதா, வேலி நிற்கிறதா, எண்ணிக்கை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா? இவற்றைப் பணியகமே அளந்து 2022-ல் எழுதி வைத்திருக்கிறது.

ரத்து நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தால் போதும். பிலிப்ஸ் கவுன்டியின் தெற்கில் அரசு நிலமும் தனியார் நிலமும் மாநிலப் பள்ளி நிலமும் சதுரம் சதுரமாகப் பின்னிக் கிடக்கின்றன. பல இடங்களில் எல்லைக்கோடு காகிதத்தில் மட்டுமே உண்டு. தரையில் ஒரு கல்கூடக் கிடையாது. பைசன் தன் உரிமையாளரின் சதுரத்தில் நிற்கலாம், அடுத்த சதுரத்தில் கால் வைக்கக் கூடாது என்றால், சதுரங்களைச் சுற்றி வேலி போட வேண்டும். இருபது ஆண்டாகப் பிடுங்கிய கம்பிகளை மறுபடி இழுக்க வேண்டும். ப்ராங்ஹார்ன் மறுபடி முட்டிபோட வேண்டும்.